மாமனார் லேயர்

பிப்ரவரி 4

அன்புள்ள சகலைக்கு,

வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் எத்தனை கோர், எந்த சாக்கெட் என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். அவர் பேசப் பேச ஆட்டிக்கொண்டே இருந்தேன். எந்தக் கேள்விக்கு ஆட்டியதை எதற்கு எடுத்துக்கொண்டாரோ, கடைசியில் ஒரு கீபோர்டோடு வீடு வந்து சேர்ந்தேன். விளக்கு எரிகிற கீபோர்டு. நிறம் நிறமாக மாறும். என் வீட்டம்மா, அதான் நம் பெரியவள், அதைப் பார்த்துவிட்டு, "இதுல எது பிராசசர்?" என்று கேட்டாள்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் இளைத்துப் போயிருக்கிறது. அங்கே நீங்களும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நாம் இரண்டு பேரும் போனை எடுத்தால் அக்காவும் தங்கையும் இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் நாம் கேட்பவர்கள், அவர்கள் பேசுபவர்கள். கீபோர்டு கதையை மாமியார் வரைக்கும் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

விஷயம் இதுதான். செய்தி சேனல் ஒன்று எங்கள் ஊரில் கிளை திறந்திருக்கிறது. அவர்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் முன்னால் ஓடுகிற டைட்டில் அசைவுகளைச் செய்ய ஆள் தேடுகிறார்கள். நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். என் ஆயுசிலேயே நல்லது அதுதான். ஆனால் அவர்கள் காலையில் சொன்னால் சாயங்காலம் கையில் வேண்டுமாம். என் மிஷினில், செய்ததை முழு வீடியோவாக்கக் காலையில் ரெண்டர் போட்டால், நான் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, எழுந்து, பெரியவளிடம் திட்டும் வாங்கி முடித்த பிறகும் பாதிதான் ஓடியிருக்கும்.

தையல்கடை மாடியில் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தை வெட்டி ஒட்டியே தலை நரைத்துவிட்டது, சகலை. அந்த வீடியோவை அந்த வீட்டுக்காரர்கள் ஒரு தரம் பார்ப்பார்கள், அதுவும் தங்கள் முகம் வரும் இடத்தை மட்டும். நான் செய்த ஒன்று தினமும் எல்லார் வீட்டிலும் ஓட வேண்டும், கடைசியில் சின்ன எழுத்தில் என் பெயரும் வர வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். படத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்திக் கற்றுக்கொண்டவன். நீங்கள் படித்தவர், கம்ப்யூட்டர் பூட்டுகிற கடையிலேயே இருப்பவர். எந்த பிராசசர் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

இப்படிக்கு,
கீபோர்டு வாங்கிய பெரிய சகலை

பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய சகலைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஒரு வாரம் சளி இருந்தது, இப்போது குறைந்துவிட்டது.

நீங்கள் இரண்டு விதமான வேலை செய்கிறீர்கள். வீடியோவை வெட்டி ஒட்டுவது ஒன்று, எழுத்தையும் படத்தையும் அசைய வைப்பது இன்னொன்று. இரண்டும் பிராசசரிடம் வேறு வேறு விஷயங்களைக் கேட்கின்றன. இப்போதைய கேமராக்கள் வீடியோவை மிகவும் இறுக்கிச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்ட, உள்ளேயே கிராஃபிக்ஸ் பகுதி இருக்கும் பிராசசர் சிப் உதவும். அசைவு வேலைக்கு, சிப்புக்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு கோரும் தனியாக எவ்வளவு வேகம் என்பது முக்கியம், ராமும் நிறைய வேண்டும். கோர்களின் எண்ணிக்கை கடைசி ரெண்டரில்தான் பெரிதாகக் கை கொடுக்கும்.

இன்னொன்று. உங்கள் பழைய மதர்போர்டில் புது சிப் உட்காராது. சிப், போர்டு, ராம் மூன்றும் சேர்ந்துதான் மாற வேண்டும்.

விளம்பரத்தில் போடும் எண்களை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் சொந்த வேலையையே இரண்டு சிப்பில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த டைட்டிலின் ஃபைலை ஹார்ட் டிஸ்கில் போட்டு அனுப்புங்கள். முடித்த வீடியோ போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக நீங்கள் அடுக்கிய எல்லா லேயரும் திறந்திருக்கும் மூல ஃபைல் வேண்டும்.

அன்புடன்,
சின்ன சகலை

பிப்ரவரி 20

அன்புள்ள சகலைக்கு,

சின்னவளின் சளி போய்விட்டதா? பெரியவள் தினமும் கேட்கிறாள், போனிலும் கேட்கிறாள், என்னிடமும் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் அதற்கும் கோபம்.

சிப் வாங்கினால் போர்டும் ராமும் கூடவே வரும் என்று எழுதியிருந்தீர்கள். அது நமக்குப் புதிதா என்ன? பெண் ஒன்று கேட்டோம், ஒரு குடும்பமே வந்தது.

டிஸ்கை இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பழைய பனியன் துணியில் சுற்றியிருக்கிறேன், துவைத்ததுதான். திறந்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எனக்கு ஆங்கிலப் பெயர் நினைவில் நிற்காது, அதனால் லேயர்களுக்கெல்லாம் வீட்டு ஆட்களின் பெயரை வைத்திருக்கிறேன். மேலே 'மாமியார்' என்று ஒன்று இருக்கும். கீழே யார் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். 'பெரியவள்' என்பது வெளிச்சம். அணைத்தால் எல்லாம் இருட்டு. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் பிடிக்க முடியாது. 'சகலை' என்று நிழலுக்கு வைத்திருக்கிறேன். கொஞ்சம் பின்னால், கொஞ்சம் தள்ளி, கூடவே வருவதால். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படம் இதுதான். இருட்டில் ஒரு உயரமான கட்டடம் மெதுவாகத் திரும்பும். ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும். எரிந்த ஜன்னல்களே சேர்ந்து எழுத்தாகும். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு மூலையில் ஒரு ஜன்னல் மட்டும் சோம்பலாக எரியும். அது எங்கள் வீடு. ஊரே எழுந்த பிறகு எழுகிற வீடு.

ஒவ்வொரு ஜன்னலையும் கையால் வைத்தேன். சேனல்காரர்கள் பார்க்கிற வரை வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு யாரோ இல்லையே.

இப்படிக்கு,
பெரிய சகலை

மார்ச் 18

மதிப்பிற்குரிய சகலைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். இங்கே இருவரும் நலம். அண்ணி நலமா?

உங்கள் ஃபைலை இரண்டு சிப்பிலும் ஓட்டினேன். பதினாறு கோர் சிப் கடைசி ரெண்டரில் முந்துகிறது. ஆனால் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நேரத்தில், ஒரு ஜன்னலை நகர்த்தினால் உடனே திரையில் தெரிய வேண்டும் அல்லவா, அதில் எட்டு கோர் சிப்தான் நன்றாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கோரும் வேகமானது, உள்ளேயே கிராஃபிக்ஸும் உண்டு. சூடும் குறைவு. உங்கள் மாடி அறைக்கு அது முக்கியம். உங்களுக்கு எட்டு கோர் போதும் என்பது என் கருத்து.

கடையின் பெரிய திரையில் ஓட்டியதால் சிலர் நின்று பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார்.

ஒரு சந்தேகம். சோதனைக்காகத்தான் கேட்கிறேன். ஜன்னல்களால் ஆன வார்த்தையை மாற்றி வேறு வார்த்தை போட்டால் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க நினைத்தேன். 'மாமனார்' என்று ஒரு லேயர் காலியாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. தேவையில்லை என்று நீக்கினேன். அதன் பிறகு கட்டடம் திரும்புகிறது, ஜன்னல்கள் கூடத் திரும்பாமல் அந்தரத்திலேயே நிற்கின்றன. இது பிராசசரின் குறையா, ஃபைலின் குறையா என்று தெரியவில்லை. வார்த்தையை மாற்றும் முறையை முழுவதும் எழுதி, எழுத்துருக்களையும் அனுப்பினால் சோதனையை முடித்துவிடலாம்.

அன்புடன்,
சின்ன சகலை

மார்ச் 24

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கீழே தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து பார்த்தார். இத்தனை வருஷம் அந்த வீட்டு மருமகனாக இருந்தும் உங்களுக்கு மாமனாரைத் தெரியவில்லையே. அவர் ஏதாவது பேசிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? மூலையில் நாற்காலியில் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஆனால் மொத்தக் குடும்பமும் அவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதே கதைதான். அந்தக் காலி லேயரில்தான் எல்லா ஜன்னலையும் கட்டியிருக்கிறேன். அவர் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள். அவரைத் தூக்கிவிட்டு ஜன்னல் திரும்பவில்லை என்றால், பிராசசர் என்ன செய்யும் பாவம்.

வார்த்தையை மாற்ற வேண்டுமானால் முதலில் மாமனாரைத் தொடாதீர்கள். பிறகு மாமியாரைக் கொஞ்சம் அகலமாக்குங்கள், இல்லாவிட்டால் நீளமான வார்த்தையின் வால் வெட்டுப்படும். புது ஜன்னல் ஒவ்வொன்றையும் மாமனாரோடு கட்டிவிட்டு, அப்புறம்தான் பெரியவளை ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் வீட்டில் என்ன நடக்குமோ அது ஃபைலிலும் நடக்கும். எழுத்துருக்களையும், பழைய சோதனைகளையும், ஜன்னல் வைக்க நான் கண்டுபிடித்த குறுக்கு வழியையும் இன்னொரு டிஸ்கில் போட்டு அனுப்புகிறேன். வேறு யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

எட்டு கோர் என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சொன்னால் சரிதான். முதலாளி பார்த்தாராமே, என்ன சொன்னார்? நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த தடவை யாராவது நின்று பார்த்தால், என் சகலை செய்தது என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். ஓசியில் கிடைக்கிற பெருமையை விடுவானேன்.

மே மாதம் முதல் வாரம் சேனல் மேனேஜர் வரச் சொல்லியிருக்கிறார். பெரியவள் இப்போதே என் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சின்னவளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெரிய சகலை

ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய சகலைக்கு,

நலம். உங்கள் நலம் பெருகட்டும்.

இந்தப் பெட்டியில் எட்டு கோர் பிராசசர், அதற்கான மதர்போர்டு, ராம், காற்றாடி எல்லாம் அனுப்பியிருக்கிறேன். கணக்கு எதுவும் வேண்டாம். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. சிப்பை ஓரத்தில் மட்டும் பிடிக்கவும், அடியில் விரல் படக் கூடாது. மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். போர்டிலும் முக்கோணம் இருக்கும். இரண்டையும் ஒரே மூலையில் வைத்தால் தானாக உட்காரும், அழுத்த வேண்டாம். வெப்பப் பசை ஒரு பட்டாணி அளவு போதும். விரலால் தடவ வேண்டாம், காற்றாடியை வைத்து இறுக்கினால் தானாகப் பரவும். திருகுகளை ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும். மாடியில் வெயில் படும் ஜன்னல் பக்கம் மிஷினை வைக்க வேண்டாம். காற்றாடியின் தூசியை அவ்வப்போது தட்டவும். முதல் முறை போடும்போது திரை வரக் கொஞ்சம் தாமதமாகும், பயப்பட வேண்டாம்.

பூட்டும் முன் கையை ஒரு இரும்புப் பொருளில் தொட்டுக்கொள்ளவும். உடம்பில் இருக்கும் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். இது மிகவும் முக்கியம்.

அன்புடன்,
சின்ன சகலை

ஏப்ரல் 29

அன்புள்ள சகலைக்கு,

என்ன மனுஷன் ஐயா நீங்கள்! பெட்டியைப் பிரித்த பெரியவள் ஒவ்வொரு சாமானாக எண்ணித் தரையில் அடுக்கினாள். நீங்கள் எழுதியதை அவள் ஒவ்வொரு வரியாகப் படிக்க, நான் பூட்டினேன். அவள் டார்ச் பிடித்தாள். பட்டாணி பெரிய பட்டாணியா சின்னப் பட்டாணியா என்று கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. நடுத்தரமாக வைத்தோம்.

ஜன்னலை இழுத்தால் கையோடு வருகிறது. ரெண்டர் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் படுக்கப் போனேன். தலையணையைத் தட்டிப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. இனி மத்தியானத் தூக்கத்துக்குச் சாக்கு கிடையாது, அந்த ஒரு கெடுதல்தான் செய்திருக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். சின்னவளுக்கு உங்களைப் பேசி முடித்தபோது மாமனார் 'படிச்ச மாப்பிள்ளை' என்றார். வாயே திறக்காத மனுஷன் அதற்கு மட்டும் வாயைத் திறந்தார். எனக்குக் கொஞ்சம் எரிந்தது. இப்போது சொல்கிறேன், அவர் சொன்னது சரி. கூடப் பிறந்தவன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான்.

வியாழக்கிழமை சேனலுக்குப் போகிறேன். நல்ல சேதியோடு எழுதுகிறேன். முதல் நாள் டைட்டில் ஓடும்போது நீங்கள் இருவரும் டிவி முன்னால் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிப் சகலை

மே 10

சகலைக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனேன். கிளை ஆபீஸ் வங்கிக்கு மேலே இருக்கிறது, படி ஏறிப் போக வேண்டும். கண்ணாடி அறை, குளிர். மேனேஜர் என் மகன் வயது, நல்ல மாதிரி, டீ வரவழைத்தார். அவருடைய கம்ப்யூட்டரில் என் டிஸ்கைப் போட்டு ஓட்டினேன். கட்டடம் திரும்பியது. மூன்றாவது ஜன்னல் எரிவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. பிடித்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பெரியவரே, இது எங்க தலைமை ஆபீஸ்ல போன மாசமே ஓகே ஆனதாச்சே. நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?" என்றார். எடுக்கவில்லை, நான்தான் செய்தேன் என்றேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

என் கட்டடம். என் ஜன்னல்கள். வார்த்தை மட்டும் வேறு, சேனலின் பெயர். மாமியாரைச் சரியாக அகலப்படுத்தியிருந்தார்கள், வால் வெட்டுப்படவில்லை. கடைசியில் மூலை ஜன்னல் சோம்பலாக எரிந்தது. அதைக்கூட மாற்றவில்லை, சகலை.

யார் செய்தது என்று கேட்டேன். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற கடையின் பெயரைச் சொன்னார். அந்தக் கடையில் டிசைன் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம், அதன் தலைவர் செய்தாராம். உங்கள் கடையில் அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. மூல ஃபைல் என்னிடம் இருக்கிறது, திறந்து காட்டுகிறேன் என்றேன். மூல ஃபைல் அவர்களிடமும் இருக்கிறதாம்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா கையெழுத்து ஆயிடுச்சு. அடுத்து அவர்கிட்ட புதுசா ஒரு டைட்டில் செட் கேட்டிருக்கோம். வயசுல பெரியவர், அதனாலதான் மரியாதையாச் சொல்றேன். இதை வேற எங்கேயும் கொண்டுபோய்க் காட்டாதீங்க, திருட்டுன்னு ஆயிடும்."

டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பாதியில் வைத்தால் கோபித்துக்கொண்டு போனதாக நினைப்பார் அல்லவா.

வீட்டில், இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பெரியவள் சட்டையை மறுபடி துவைத்து வைத்திருக்கிறாள்.

நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நீங்கள் எழுதினால் நம்பத் தயாராக இருக்கிறேன். ஒரு வரி போதும்.

பெரிய சகலை

ஜூன் 6

அன்புள்ள அத்தானுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் நலமா? நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. நீங்கள் இருவரும் எங்களுக்குத் தெரியாமல் எழுதிக்கொள்கிறீர்கள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அதனால் நானும் எழுதிப் பார்க்கிறேன்.

இவருக்குப் பதவி உயர்ந்திருக்கிறது அத்தான். தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. உறுதியான பிறகு தானே சொல்வதாக இவர் சொன்னதால் அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. இன்னும் சொன்னபாடில்லை, என்னால் பொறுக்கவும் முடியவில்லை. சேனலில் செய்திக்கு முன்னால் கட்டடம் திரும்பி ஜன்னல் ஜன்னலாக எரியுமே, அது இவர் செய்தது. ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இவருக்குள் இப்படி ஒரு கை இருந்தது எனக்கே தெரியாது.

கடைசியில் மூலையில் ஒரு ஜன்னல் தாமதமாக எரியும். அதைப் பார்த்தால் எனக்கு ஏனோ உங்கள் வீட்டு ஞாபகம் வரும், லீவுக்கு வந்தால் நீங்களும் அக்காவும் எழவே மாட்டீர்களே, அது. இவரிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதினேன். உங்கள் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன என்று கேட்டால் பிராசசர் விஷயம் என்கிறார். அது அவ்வளவு பெரிய விஷயமா அத்தான்? நீங்கள் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்பவர். இவரிடம் ஏதாவது கோபம் என்றால் எனக்காக விட்டுவிடுங்கள்.

உங்கள்,
சின்னவள்

ஜூன் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அக்காவும் நலம். பதவி உயர்வு கேட்டுச் சந்தோஷம். பிராசசர் பெரிய விஷயம் இல்லை, தபாலில் வருகிற சின்னச் சாமான்தான். அவரைச் சாப்பிடச் சொல்.

அத்தான்

ஜூலை 2

மதிப்பிற்குரிய சகலைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

முதலாளி யார் செய்தது என்று கேட்டபோது நான் 'நம்ம வீட்டு வேலை' என்றுதான் சொன்னேன். அவர் என்னைத் தட்டிக் கொடுத்தார். அந்த நேரத்தில் திருத்தியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் என்னைத் தட்டிக் கொடுத்ததில்லை. மறுநாள் திருத்தலாம் என்று நினைத்தேன். மறுநாள் சேனல்காரர்களை அழைத்து வந்துவிட்டார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்க் கிளையும் அவர்களுடையதுதான் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பெட்டியை அனுப்பினேன்.

இப்போது புது செட் கேட்கிறார்கள். ஜன்னலை வைத்து ஏற்கெனவே இருப்பதை மாற்ற முடிகிறது. புதிதாக ஒன்றைத் தொடங்க எனக்கு வரவில்லை. திரை வெறுமையாக இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்களை உதவியாளர் என்று பதிவு செய்ய முதலாளியிடம் பேசியிருக்கிறேன். நீங்கள் அங்கிருந்தே செய்து அனுப்பலாம். பெயர் மட்டும் இப்போதைக்கு என் பெயராக இருக்கும். ஒரு வருஷத்துக்குள் மெதுவாக மாற்றிவிடலாம். வேலை உங்கள் வேலையாகவே இருக்கும், தினமும் எல்லார் வீட்டிலும் ஓடும். நீங்கள் ஆசைப்பட்டதும் அதைத்தானே.

சின்னவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆவாள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள்,
சின்ன சகலை

ஜூலை 15

சகலைக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று கை தானாக எழுதிவிட்டது. மேலே மை அடித்திருப்பது அதுதான்.

இந்தத் தடவை உங்கள் கையெழுத்து சாய்ந்து ஓடியதால் எனக்குப் படிக்க வரவில்லை. பெரியவளைப் படிக்கச் சொன்னேன். அந்தச் சேனலை வீட்டில் போடவே நான் விடவில்லை, அதனால் அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. 'நம்ம வீட்டு வேலை' வரைக்கும் சத்தமாகப் படித்தாள். பிறகு வாய்க்குள் படித்தாள். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிராசசர் பூட்ட அவள் விளக்குப் பிடித்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தலைமை ஆபீசுக்கு நேரே போய் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறக்கப் போகிறேன், உங்களிடம் மாமியார் லேயர் எதற்கு என்று கேட்கச் சொல்லப் போகிறேன் என்றேன். நியாயமான பேச்சுதானே. அவள் சொன்னாள், "உங்களுக்கு நியாயம் வேணும். எனக்குத் தங்கச்சி வேணும். ரெண்டையும் ஒரே வாசல்ல போய்க் கேட்டா ஒண்ணுதான் கிடைக்கும்."

அதுவும் எனக்கு ஒரு குத்துதான். ஆனால் அவள் அழுதுகொண்டே குத்தினாள். நீங்கள் பட்டாணி அளவு பசை, எதிரெதிர் திருகு என்று பக்குவமாகச் சொல்லிக்கொண்டே குத்தினீர்கள். ஜன்னல் எப்படிக் கட்டுவது என்று நானே வேறு எழுதித் தந்தேன். திருட வந்தவனுக்குச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று வாசலில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் சிரித்துச் சிரித்து. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் தாங்கவில்லை. ஜன்னல் போனது போகட்டும்.

நீங்கள் வெளி ஆளாக இருந்திருந்தால் தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சகலை என்பது நாம் பார்த்துப் பிடித்த சொந்தமா? இரண்டு பேரும் ஒரு வீட்டில் பெண் எடுத்தோம், மாட்டிக்கொண்டோம். நாளைக்கு ஏதாவது நல்லது கெட்டது என்றால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும். உட்காருவேன். சின்னவள் எதிரில் சிரிக்கவும் செய்வேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உதவியாளர் வேலை வேண்டாம். எல்லார் வீட்டிலும் ஓட வேண்டும் என்று நான் எழுதியதை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் பெயர் என்று எழுதியிருந்தேன், அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

மேனேஜரிடமோ மாமனாரிடமோ சின்னவளிடமோ நான் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை, பெரியவளுக்குக் கொடுத்த வாக்கு. உங்களுக்கும் ஒன்றும் சொல்லித் தரப் போவதில்லை, அது எனக்கு நானே கொடுத்த வாக்கு. புது செட் கேட்டிருக்கிறார்கள், திரை வெறுமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கும். பார்த்துக்கொண்டே இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இதைச் சின்னவளுக்காக எழுதுகிறேன்.

பெரியவளின் கணவன்

பின்குறிப்பு: பிராசசரைக் கழற்றி, நீங்கள் எழுதிய முறையைப் பெரியவளிடம் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லி, பசையைத் துடைத்து, நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் வைத்துத் திங்கட்கிழமை உங்களுக்கே கூரியரில் அனுப்பினேன். பழைய மிஷினையும் மறுபடி பூட்டிவிட்டேன். கூரியர் ஆபீசில் பெரியவள் கூட வரவில்லை, சீட்டை நானே நிரப்பினேன். அனுப்புபவர் கட்டத்தில் உங்கள் பெயரும் பெறுபவர் கட்டத்தில் என் பெயரும் விழுந்துவிட்டன. இன்று காலை பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.